அய்யாவு வைத்த தவளைத் தொட்டி

1981-இல் அய்யாவு ஒரு பம்புக் கடையின் சீன முதலாளியான தவுக்கேயிடம் முந்நூற்று ஐம்பது வெள்ளி கடன்பட்டிருந்தார். பதினோரு வாரத்தில் அடைத்தார். பாடாங் செராயில் மஜீதின் உணவகத்தில் காலை ஏழரைக்குப் பசியாறுகிறவர்கள் யாருக்கும் இது புதுச் செய்தியல்ல. ரொட்டி சானாயின் முதல் துண்டைக் குழம்பில் தோய்க்கும்போது பேச்சில் தவுக்கே வருவார். இரண்டாவது துண்டுக்குப் பம்பு வரும். தே தாரிக் தேநீர் பாதிக் குவளை இறங்கும்போது, "அதுக்கப்புறம் ஒருத்தன்கிட்ட அஞ்சு காசு கடன் வச்சதில்ல. ஒருத்தனக் கூப்புட்டு எனக்கு இதச் செஞ்சு குடுடான்னு கேட்டதுமில்ல" என்று அய்யாவு முடிப்பார். மஜீத் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னிக்கும் பதினோரு வாரந்தானாண்ணே? கொறையவே மாட்டேங்குதே!" என்பார். அய்யாவு அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

எழுபத்தொரு வயது. குட்டையான, அகன்ற ஆள். காக்கி அரைக்கால் சட்டை. மற்றவர்கள் பேனா செருகும் மேல்பையில் இவர் கரண்டு பார்க்கும் டெஸ்டர் செருகியிருப்பார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். அதன்பிறகு ரப்பர்ப் பால் வாளி, அதன்பிறகு கிணறு வெட்டும் கூட்டத்தில் மண் அள்ளுவது, அதன்பிறகு சொந்தமாகப் பம்பு, பைப்பு, தண்ணீர்த் தொட்டி. பாடாங் செராயில் பாதிப் பேர் தன் பைப்பில் வரும் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள் என்பார். மீதிப் பாதி என்ன என்று கேட்டால், "அதெல்லாம் மாத்திப் போட வேண்டிய பைப்பு."

அவர் வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் செய்துவிடுவார், அதுதான் பயம். பதினைந்து வருஷத்துக்கு முன்பு மனைவி குணசுந்தரி சமையலறைக்கு ஓர் அலமாரி கேட்டாள். ஒரே நாளில் அடித்து மாட்டினார். இன்றுவரை அவள் அதிலிருந்து உப்பு ஜாடியை எடுக்கும்போதெல்லாம், "ஆடுதா பாரு? ஆடாது!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். அதன்பிறகு அவளுக்கு வேண்டியதை அவள் சாமியிடம் கேட்டுக்கொள்கிறாள். சாமி சொல்லிக்காட்டுவதில்லை.

அப்பாவிடம் கேட்காத பழக்கம் மகள் யோகேஸ்வரிக்கும் உண்டு. முப்பத்தெட்டு வயது. கூலிம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். புருஷனோடு ஒத்துப்போகாமல் போன வருஷம் வீடு திரும்பினாள், இரண்டு துணிப்பெட்டியும் ஒரு முறுக்கு டின்னுமாக. தீபாவளிக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கும் சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் டின். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே முறுக்கு இல்லை. கட்டைவிரல் அளவில் இரண்டு தவளைகள் நீந்திக்கொண்டிருந்தன. தரைக்கு வராமல் ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற ஆப்பிரிக்கச் சாதி.

ஒன்றின் பெயர் ஓ.டி. டின் சுவரில் ஏறுவதும் இறங்குவதுமாக ஓய்வில்லாமல் உழைக்கும் என்பதால் ஓவர்டைமைச் சுருக்கி வைத்த பெயர். இன்னொன்று எம்.சி. கையையும் காலையும் விரித்துப் போட்டு, செத்ததுபோல் மேலே மிதந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலையில் டாக்டர் கொடுக்கும் விடுப்புச் சீட்டுக்குத்தான் அந்தப் பெயர். எந்தக் கூட்டத்திலும் ஒருவர் அப்படி உண்டு என்பாள் யோகேஸ்வரி. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கைப்பையைக்கூட வைக்காமல் டின்னின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அந்த வீட்டில் அவள் சிரிக்கும் நேரம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அப்பாவின் நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள்.

"அப்பா, ஒன்னு கேக்கணும்."

அய்யாவு பேப்பரை மடித்தார். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"நாளைக்குக் கம்பெனி டிரெய்னிங்கு, மலாக்காவுக்குப் போறேன். சனிக்கிழம சாயங்காலந்தான் வருவேன். இதுங்களுக்கு டின்னு பத்தல. சின்னதா ஒரு கண்ணாடித் தொட்டி வச்சு உள்ள விட முடியுமா? எப்படின்னு வாய்ஸ் அனுப்புறேன்."

"முடியுமாவா? யாருகிட்ட கேக்குற?" என்றார் அய்யாவு. அன்று இரவு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதாகக் குணசுந்தரி சொல்கிறாள்.

வாய்ஸ் வந்தது. நாலு நிமிஷம் இருபது விநாடி. அய்யாவு நாற்பது விநாடி கேட்டார். "மொதல்ல தண்ணி, அப்பா..." என்று அவள் ஆரம்பித்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். தண்ணீரைப் பற்றி அவருக்கே பாடமா?

தொட்டி வாங்க வியாழக்கிழமை மஜீதின் உணவகத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனார். மீன் தொட்டி, மீன், மீனுக்குத் தீனி விற்கிற கடை. நடத்துகிறவள் மஜீதின் மூத்த மகள் ஜரீனா. நாற்பதைத் தாண்டியவள், வாயில் வெல்லமும் மிளகாயும் ஒரே அளவு வைத்திருப்பவள்.

"பொருத்தி, தண்ணியப் பதம் பண்ணி, ஓட விட்டுக் குடுக்க எண்பது வெள்ளி, அங்கிள்."

"தண்ணி ஊத்த எண்பது வெள்ளியா? ஏம்மா, இந்த ஊருக்கே தண்ணி ஊத்துனவன் நான்."

"ஊருக்கு ஊத்துனீங்க. தவளைக்கு ஊத்துனதில்லலா. பைப்புத் தண்ணியில குளோரின் இருக்கு. இந்த மருந்து நாலு சொட்டு விட்டு, ரெண்டு நாள் சும்மா வச்சு..."

"என் பைப்புல வர்ற தண்ணிக்கு மருந்தா!"

தொட்டியை மட்டும் வாங்கி, மோட்டார் சைக்கிளில் குணசுந்தரியைப் பின்னால் உட்காரவைத்து, அவள் மடியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அன்று அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். இரும்புப் பைப்பை அறுத்து, பற்றவைத்து, ஒரு மேசை செய்தார். இரண்டு எருமை ஏறி நின்றாலும் அசையாது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் தகரத் துண்டு கொடுத்துச் சமன் செய்தார். தவளை குதித்துவிடாமல் இருக்கக் கம்பிவலையில் மூடி கட்டினார். கையளவு பிளாஸ்டிக் பைப்பை நாலு துண்டாக அறுத்து, வெட்டிய முனைகளை உரசி மழுக்கி, ஒளிந்துகொள்ளக் குகையாக அடியில் போட்டார். பிறகு குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினார். கடைசியாக, ஒரு கோயில் பூங்காவில் நீரூற்றுக்கு வைத்து மிச்சமான பம்பை எடுத்து வந்து மாட்டினார். தொட்டிக்குள் முடா ஆற்று வெள்ளம் புறப்பட்டது.

"அதுங்க மிதக்குமா, கடலுக்குப் போயிருமாங்க?" என்றாள் குணசுந்தரி.

"ஓடுனாத்தான் தண்ணி. நின்னா லோங்காங்குச் சாக்கட."

வெள்ளிக்கிழமை காலை பூசை. அய்யாவின் வாழ்க்கையில் எந்தப் புதுப் பொருளும் பூசை போடாமல் ஓடியதில்லை. லாரி, பம்பு, குளிர்பெட்டி, போன தடவை வாங்கிய அரிசிக் குக்கர்கூட. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம், கடைசியில் மாவிலையால் மஞ்சள் தண்ணீர். தவளைகளைத் தொட்டியில் விட்டார். கண்ணாடிக்கு மூன்று பட்டை போட்டார். சூடம் காட்டினார். மஞ்சள் தண்ணீரை மேலே தெளித்தார். மகள் கேட்டு வைத்த பொருளாச்சே என்று மனம் நிறைந்துபோய், சொம்பில் மிச்சமிருந்ததை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார்.

குணசுந்தரி வாயில் கை வைத்தாள். "மஞ்சத் தண்ணி ஊத்துறீங்களே, தவள வயசுக்கு வந்திருச்சா?"

"மொதப் பம்புக்கு ஊத்துனேன். முப்பத்தோரு வருஷம் ஓடுச்சு. தெரிஞ்சா பேசு."

"அது இரும்புங்க."

பதினொன்றே முக்காலுக்கு அய்யாவு எட்டிப் பார்த்தார். எம்.சி. கையைக் காலை விரித்துப்போட்டு மேலே கிடந்தது. அது அதன் வழக்கம். ஆனால் ஓ.டி. கண்ணாடியில் ஏறவில்லை. இறங்கவில்லை. பைப்புத் துண்டின் மேல் வெளிறிப்போய்ப் படுத்திருந்தது. விரலால் தொட்டார். ஒரு காலை மட்டும், போனால் போகிறது என்பதுபோல், நகர்த்தியது.

நல்லவேளை, டின்னில் பழைய தண்ணீர் பாதி மிச்சமிருந்தது. குணசுந்தரியின் தேயிலை வடிகட்டியால் இரண்டையும் அள்ளி அதில் போட்டு, தோள் துண்டால் டின்னை மூடி, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்து ஓட்டினார். வழியில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அய்யாவு திரும்பவில்லை.

ஜரீனாவின் கடை மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு அந்த வரிசையில் தொழுகைக்காக அடைக்காத கடை கிடையாது. இரண்டரைக்குத்தான் திறப்பார்கள் என்று அவருக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. கடை வாசலில் கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டார். வேறு செய்ய ஒன்றுமில்லாததால் போனை எடுத்துக் காதில் வைத்தார். யோகேஸ்வரியின் குரலை முதலிலிருந்து கேட்டார்.

பைப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள் என்றாள். வேகமாக ஓடுகிற பம்பு வேண்டாம், அதுகள் பயந்து சாப்பிடாது என்றாள். "தண்ணியில எதையும் கலக்காதீங்கப்பா. இதுங்களுக்குத் தோலு வழியாவே எல்லாம் உள்ள போயிரும்." அய்யாவு கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது நிமிஷத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஜரீனா அக்காகிட்டயே சொல்லியிருப்பேன். அவங்க செய்வாங்க. ஆனா ஒங்ககிட்ட ஒரு தடவ கேட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான். சாப்புடுங்க, வெயில்ல சுத்தாதீங்க."

அவர் அதை இன்னொரு தடவை கேட்கவில்லை. டின்னுக்குள் ஓ.டி. அசைகிறதா என்று குனிந்து பார்த்தபடியே இருந்தார்.

தொழுகை முடிந்து வெள்ளைத் தொப்பியோடு வந்த மஜீத் தூரத்திலிருந்தே, "என்னண்ணே, இன்னிக்குத் தவுக்கே வரலையா? சத்தத்தயே காணோம்!" என்றார். பக்கத்தில் வந்தார். துண்டைத் தூக்கிப் பார்த்தார். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

பத்து நிமிஷத்தில் ஜரீனா வந்து இறங்கினாள். டின்னை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன கலந்தீங்க?"

அய்யாவு தொண்டையைச் செருமினார். "மஞ்ச."

"மஞ்சளா! அங்கிள், பொரிக்கிற மீனுக்குத் தடவுறாப்புல தடவி வச்சிருக்கீங்களே. உப்பு, மொளகாத்தூளு? அதையும் போட்டுக் கொண்டாந்திருந்தா அத்தா கடையிலயே கல்லுல போட்டிருக்கலாம்லா."

வாய் அப்படி. கை அப்படியில்லை. கதவைத் திறந்த வேகத்தில் வெள்ளைப் பேசினில், இரண்டு நாள் வைத்துப் பதமான தண்ணீரை ஊற்றி, இரண்டையும் கையாலேயே ஏந்தி இறக்கினாள். அரை மணி கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டி வேறு மாற்றினாள். மறுபடி ஒரு தடவை. அய்யாவு வாளியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினையே பார்த்தார். ஒன்றேகால் மணி நேரம் அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதை மஜீத் இன்றும் சாட்சி வைத்துச் சொல்கிறார்.

மூன்றரை மணி வாக்கில் ஓ.டி. ஒரு உதை உதைத்தது. மேலே போய் மூக்கை நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டு கீழே வந்தது. பிறகு பேசின் ஓரத்தில் ஏற ஆரம்பித்தது.

"ஓவர்டைம் ஆரம்பிச்சிருச்சு" என்றாள் ஜரீனா. "இந்தச் சோம்பேறிக்கு ஒன்னுமே ஆகல, பாருங்க. படுத்தே பொழைச்சிருச்சு."

அய்யாவு துண்டால் முகத்தைத் துடைத்தார். கழுத்தையும் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஜரீனா நாலு பெரிய புட்டிகளில் தண்ணீரோடு வீட்டுக்கு வந்தாள். சாம்பார் நிறத்தில் நின்ற தண்ணீரைக் குழாய் போட்டு இறைத்தாள். கண்ணாடியை மூன்று தடவை கழுவினாள். கோயில் பம்பைக் கழற்றி அய்யாவின் கையில் கொடுத்து, "இத வச்சு யான் ஊரு வயல்ல ரெண்டு போகம் நெல்லு வெளைய வைக்கலாம்" என்றாள். அந்த இடத்தில் விரல் நீளத்துக்குப் பஞ்சு வைத்த ஃபில்டர் ஒன்றை மாட்டினாள். குமிழ் விடுவதுதான் அதன் மொத்த வேலை. வாயில் போனால் அடைக்காத அளவுக்குப் பெரிய வழவழப்பான கற்களைப் பரப்பினாள். பைப்புத் துண்டுகளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இது யாரு ஐடியா?"

"நாந்தான்" என்றார் அய்யாவு.

"நல்லா இருக்கே. இருக்கட்டும். மூடியும் இருக்கட்டும்."

தவளைகள் ஒரு நாள் தன் பேசினிலேயே இருக்கட்டும், நாளைக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். அய்யாவு வாசல்வரை வந்து எவ்வளவு என்று கேட்டார்.

"சொன்னதுதான். எண்பது. ஆனா யோகி வந்து ரெண்டு நாள் போகட்டும். பெறகு கடைப் பக்கம் வந்து குடுங்க. நான் அவகிட்ட ஒன்னும் சொல்லமாட்டேன், அங்கிள்."

"ஒங் கடைப் பம்பு ஒன்னு கரகரன்னு கத்துது. வந்து சரிபண்ணிட்டா கணக்குக்குக் கணக்கு..."

"அது வேற கணக்கு."

சனிக்கிழமை நாலரைக்கு ஜரீனா சொன்னபடி வந்தாள். தொட்டித் தண்ணீரையும் பேசின் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். எம்.சி. நேராக மேலே போய்க் கையைக் காலை விரித்தது. ஓ.டி. ஒரு பைப்புக்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து, அடுத்த பைப்புக்குள் நுழைந்தது. அவள் புழுப் பொட்டலத்தைக் குணசுந்தரியிடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. யோகேஸ்வரி.

அவள் பெட்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் விரலை வைத்தாள். ஓ.டி. விரல் நுனிக்கு எதிரே வந்து நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அலாமாக்! எவ்வளவு அழகா இருக்கு! அப்பா, நெசமாவே இத நீங்களேவா வச்சீங்க?"

குணசுந்தரி கோப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். அடுத்த பத்து வருஷத்துக்குக் கேட்கப்போகிற வசனம் இப்போது ஆரம்பமாகும் என்று அவள் காதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அங்கிள்தான்" என்றாள் ஜரீனா. "நான் புழு குடுக்க வந்தேன். கெளம்புறேன் யோகி."

அய்யாவு தொட்டியைப் பார்த்தார். மகளின் தலையைப் பார்த்தார். மேசையின் காலை ஒரு தட்டுத் தட்டினார்.

"மேச நான் அடிச்சது. ரெண்டு எரும நிக்கும். மூடி நான் கட்டுனது. பைப்பு நான் அறுத்தது, அதுக்குள்ளதான் இப்ப அது ஓடிட்டிருக்கு, பாத்தியா?" ஒரு மூச்சு விட்டார். "தண்ணி ஜரீனா வச்சது. நான் ஊத்துன தண்ணியில ஒன் தவள செத்துருக்கும்."

கோப்பித் தட்டு வாசலிலேயே நின்றது. யோகேஸ்வரி கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். என்ன ஊற்றினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"கைய நீட்டும்மா" என்றார் அய்யாவு ஜரீனாவிடம்.

"கடைக்கு வாங்கன்னு சொன்னேனே அங்கிள்..."

"இங்கயே நீட்டு."

ஜரீனா நீட்டினாள். அய்யாவு சட்டைப்பையிலிருந்து பத்து வெள்ளி நோட்டுகளை எடுத்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற குரலில் எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார். பத்து. இருபது. முப்பது. அறுபதில் ஒரு நோட்டு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து, ஊதி, மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்.